அம்பு நகர்ந்தால் கையை எடு

என் அக்கா புருஷனுக்கு, கோழிக்குஞ்சு பொரிக்கிற ஹேச்சரியில் வைத்திருந்த பெயர் அடைக்கோழி. மறைவில் அல்ல, முகத்துக்கு நேரே. "அடைக்கோழி எங்கே?" என்று யாராவது கத்தினால் அவரே கையை உயர்த்தி "இங்கேதான் இருக்கேன்" என்பார். கோபம் வருவது எனக்குத்தான். எந்நேரமும் மெஷின் அறையிலேயே கிடந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள் என்று அக்காவும் அவர்களோடு சேர்ந்துகொண்டு சிரிப்பாள்.

நான் அங்கே வேன் ஓட்டினேன். பொரிந்த கோழிக்குஞ்சுகளை ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிகளில் அடுக்கி, வளர்ப்பவர்களிடம் கொண்டுபோய் இறக்குவது என் வேலை. மச்சானின் வேலை அதற்கு முந்தையது. வந்திறங்கும் முட்டைகளைத் தட்டுகளில் அடுக்கி, அலமாரி மாதிரி நிற்கிற அடை மெஷினுக்குள் தள்ளி, மூன்று வாரம் சூடும் ஈரமும் சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பது. கேட்டால் இதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். சூடு கொஞ்சம் குறைந்தால் குஞ்சு சவலையாக வரும். கொஞ்சம் கூடிவிட்டால் வரவே வராது.

பொரிக்கப் போகிற நேரத்தில் ஓட்டுக்குள்ளிருந்தே குஞ்சு கீச்சிடும். மச்சான் தட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "பேச ஆரம்பிச்சுட்டாங்க மாப்ளே" என்பார். முட்டைக்குள் இருப்பவர்களுக்கு மரியாதை. எனக்கு வாடா போடா. "நானும் ஒரு ஓட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கறேன், அப்பவாவது மரியாதை கிடைக்குதான்னு பார்ப்போம்" என்று சொல்லிப் பார்த்தேன். "உன்னை அடைகாக்க எந்த மெஷினும் தாங்காதுடா" என்றார்.

அவரும் அக்காவும் ஹேச்சரிக்குப் பின்னாலேயே, முதலாளி கொடுத்த இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். வேலை இருக்கிறவரை வீடு; வேலை போனால் வீடும் போகும். ஐம்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர், முட்டையைத் தவிர வேறொன்றும் தெரியாதவர். அந்த அறைக்கு வெளியே அவருக்கு உலகத்தில் ஒரு நாற்காலி கிடையாது. அது எனக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும், முதலாளிக்கு எங்கள் எல்லாரையும்விட நன்றாகத் தெரியும்.

முதலாளி நல்லவர் என்று ஊரே சொல்லும். நான் சொல்லமாட்டேன். கத்தமாட்டார், கெட்ட வார்த்தை பேசமாட்டார், அவ்வளவுதான். இதற்கெல்லாம் நல்லவர் பட்டம் கொடுப்பதாக இருந்தால் என் வேனுக்கும் கொடுக்கலாம்.

முதலில் எல்லாம் மெஷின்களின் பக்கத்திலேயே சுவிட்சும் குமிழும் இருந்தன. பிறகு எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் கொண்டுவந்து சேர்த்தார்கள். திரையில் மெஷினுக்கு ஒரு கட்டம். கட்டத்துக்குள் சூடு ஒரு நம்பர், ஈரம் ஒரு நம்பர். சரியாக இருந்தால் பச்சை, தவறினால் சிவப்பு. கூடவே ஒரு அலாரம் அலறும். நம்பர்களை மட்டும் மச்சானுக்குப் படிக்கத் தெரியும், அது போதுமானதாக இருந்தது. பழைய சுவிட்சுகளை அவசரத்துக்கு என்று அப்படியே விட்டுவைத்தார்கள்.

முதலாளிக்கு முட்டி வலி. தினமும் வந்து போக முடியவில்லை. கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு, வீட்டிலிருந்தே இந்தத் திரையைப் பார்க்கவும் மவுஸை நகர்த்தவும் ஒரு புரோகிராம் போடச் சொன்னார். அன்றிலிருந்து அந்த அறையில் ஒரு வேடிக்கை ஆரம்பித்தது. யாருமே மவுஸைத் தொடாதபோது திரையில் அம்பு தானாக நகரும். கட்டம் திறக்கும், நம்பர் மாறும், மூடும். முதன்முதலில் பார்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது.

ஆரம்பத்தில் ஒருநாள் ரகளை ஆகிவிட்டது. முதலாளி அங்கிருந்து அம்பை இழுக்க, அது தெரியாமல் மச்சான் இங்கிருந்து மவுஸைப் பிடிக்க, அம்பு இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, எங்கேயோ பட்டு ஒரு மெஷினின் ஃபேன் நின்றுபோனது. உடனே சரிசெய்துவிட்டார்கள். ஆனால் முதலாளி ஃபோனில் சொன்ன வார்த்தை மச்சானுக்குச் சட்டமாகிவிட்டது.

"இத பாருப்பா. அம்பு நகர்ந்தா நான் உள்ளே இருக்கேன்னு அர்த்தம். கையை எடுத்துடு. ஃபோனும் பண்ணாதே. வேலை பார்க்கும்போது நான் எடுக்கமாட்டேன்."

மச்சான் கையை மட்டுமா எடுத்தார்? நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தே நின்றுவிடுவார். அம்புக்கு எழுந்து நின்ற ஒரே மனிதர் உலகத்தில் என் மச்சானாகத்தான் இருக்கும். "ஒரு வணக்கமும் வைச்சிடுங்களேன்" என்றேன். "கிண்டல் பண்ணாதேடா, அவரு பார்த்துக்கிட்டிருக்காரு" என்று கிசுகிசுத்தார். அம்புக்குக் கண் கிடையாது என்று அவருக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை. போகப்போக உட்கார்ந்தபடியே கையைக் கட்டிக்கொள்ளப் பழகினார்.

ஒருமுறை முதலாளி எங்கேயோ எதையோ படித்துவிட்டு, வெயில் தாங்கும் குஞ்சு வேண்டும் என்று சில மணி நேரம் சூட்டை ஏற்றிவைத்தார். திரையில் நம்பர் ஏறுவதைப் பார்த்து மச்சான் பயந்துவிட்டார். விதியை மீறி ஃபோன் செய்தார். முதலாளி எடுக்கவில்லை. பிறகு அவரே கூப்பிட்டு, "எனக்குத் தெரியாததா உனக்குத் தெரியும்?" என்று சாந்தமாகக் கேட்டார். குஞ்சுகள் நன்றாகவே வந்தன. இன்னொரு முறை அம்பு திரை முழுக்கக் கிறுக்கிக்கொண்டு ஓடியது. முதலாளியின் மடியில் உட்கார்ந்து பேத்தி விளையாடினாளாம். அதற்கும் ஃபோன் செய்து, அதற்கும் ஒரு சிரிப்பு வாங்கிக்கொண்டார். இரண்டு தடவையும் பயந்தது வீண் என்று ஆனது. இதை நீங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். அவரைத் திட்டியவர்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

கம்ப்யூட்டர்காரர் ஒழுங்கான ஆள். வருகிறபோதெல்லாம் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். நானே பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன்.

"சார், இந்த புரோகிராம் இன்டர்நெட்ல நேரடியா திறந்து கிடக்கு. பாஸ்வேர்டும் உங்க ஹேச்சரி பேருதான். உங்களுக்கு, கோழி டாக்டருக்கு, தீவன ஏஜென்ட்டுக்கு, எல்லாருக்கும் அதே ஒண்ணு. அது போறதும் மூடாத கவர்ல போற மாதிரி, நடுவுல எவன் வேணா படிக்கலாம். எங்கே திறந்திருக்குன்னு உலகம் பூரா தட்டிப் பார்க்கறதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. முதல்ல வேறொரு பூட்டைத் தாண்டித்தான் இதுக்கே வர முடியணும். அரை நாள் வேலை, நான் போட்டுத் தரேன்."

"ஒவ்வொரு தடவையும் ரெண்டு பூட்டைத் திறந்துக்கிட்டு உட்கார என்னால முடியாதுப்பா. கண்ணு வேற சரியில்லை" என்றார் முதலாளி. "இங்கே என்ன தங்கமா வச்சிருக்கேன்? முட்டை. முட்டைக்கு எவன் வந்து கன்னம் வைப்பான்?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, நல்ல பதில்தானே. மச்சான் மட்டும் சிரிக்காமல், "கோழியையும் நம்மளையும் விட்டா இதை எவன்ப்பா தேடி வரப்போறான்?" என்று உண்மையாகவே யோசித்தார்.

அன்று நான் ரோட்டில் இருந்தேன். நடந்ததை மச்சான் வாயாலும் கேட்டேன், அறையில் இருந்த கேமரா பதிவிலும் பார்த்தேன். சாப்பாட்டு நேரம் கழிந்து, அவர் ஈரத்துணியால் மேசையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அம்பு நகர்கிறது. துணியைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்கிறார்.

அம்பு சும்மா சுற்றியது. ஒரு கட்டத்தைத் திறந்தது, மூடியது, இன்னொன்றைத் திறந்தது. பிறகு வெள்ளைத் தாள் மாதிரி ஒன்று திரையில் விரிந்து அதில் இங்கிலீஷ் எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மச்சானுக்கு இங்கிலீஷ் படிக்க வராது. பேத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தார். கேமராவில் அவர் முகம் நன்றாகத் தெரிகிறது. சிரிக்கிறார்.

அந்த எழுத்துகளுக்குப் பிறகு அம்பு அசையாமல் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அந்தத் தாளைப் பின்னால் தள்ளிவிட்டு வேலையைத் தொடங்கியது. முதலில் அலாரத்தை நிறுத்தியது. அதன்பின் ஒவ்வொரு மெஷினாகத் திறந்து சூட்டைக் கடைசி வரைக்கும் ஏற்றியது. கட்டங்கள் சிவப்பாயின. அலாரம் கத்தவில்லை.

மச்சான் சிரிப்பை நிறுத்தினார். எழுந்தார், உட்கார்ந்தார். மறுபடி எழுந்து மெஷின் கதவில் இருக்கிற தெர்மாமீட்டரைப் பார்த்தார். திரையில் சொன்னதுதான் அதிலும். ஃபோனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. வேலை பார்க்கும்போது எடுக்கமாட்டார் அல்லவா, எடுக்காததே அவர் உள்ளே இருக்கிறார் என்பதற்குச் சாட்சி ஆகிவிட்டது. மறுபடி கூப்பிட்டார். அப்போதும் எடுக்கவில்லை. உண்மையில் முதலாளி பல் டாக்டரிடம் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தார்.

பதிவில் ஓரிடம் இருக்கிறது. என்னால் அதை இரண்டாவது தடவை பார்க்க முடியவில்லை. மச்சான் மெஷினின் பக்கத்திலிருக்கும் பழைய சுவிட்சில் கை வைக்கிறார். வைத்தபடியே திரும்பித் திரையைப் பார்க்கிறார். அம்பு அப்போதும் நகர்ந்துகொண்டிருக்கிறது. கையை எடுத்துவிடுகிறார். வந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொள்கிறார்.

முதலாளி மரத்துப்போன வாயோடு கூப்பிட்டபோது பொழுது சாயத் தொடங்கியிருந்தது. "என்னப்பா இத்தனை தடவை கூப்பிட்டிருக்கே?"

"நீங்க உள்ளே இருந்தீங்க, அதான்..."

"நான் எங்கே உள்ளே இருந்தேன்?"

நான் வேனை நிறுத்திவிட்டு உள்ளே போனபோது எல்லா மெஷின் கதவும் திறந்து கிடந்தது. அனல் முகத்தில் அடித்தது. மச்சான் மறுநாள் பொரிக்க வேண்டிய தட்டுகளை இழுத்துப்போட்டு, ஒவ்வொன்றிலும் காதை வைத்துக்கொண்டிருந்தார். ஒரு தட்டு, அடுத்த தட்டு, அதற்கடுத்தது. காலையில் அந்த அறைக்குள் நாங்கள் கத்திப் பேச வேண்டியிருந்தது, அவ்வளவு கீச்சு. இப்போது ஃபேனையும் நிறுத்தியிருந்தார்கள். அக்கா வாசலில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

"மாப்ளே, நீ கேளு. எனக்குக் காது அடைச்சிருக்கு போல" என்றார்.

நான் கேட்டேன். ஒன்றும் இல்லை. அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தட்டிலேயே குனிந்தபடி இருந்தேன். எங்கேயோ ஓரத்தில் சில முட்டைகள் உடைந்து குஞ்சுகள் வெளியே வந்தும் இருந்தன. கால் விரிந்து, தொப்புள் மூடாமல் கிடந்தன. அவற்றையும் வைத்திருக்க முடியாது. மிச்சத்தை எல்லாம் குழியில் கொட்ட மச்சான் ஒருவரையும் விடவில்லை. தானே சுமந்தார்.

கம்ப்யூட்டர்காரர் மறுநாளே வந்து எல்லாவற்றையும் நோண்டினார். வெளியாள்தான், எந்த நாடு என்றே தெரியாது, பாஸ்வேர்டை ஊகித்து வந்திருக்கிறான், இதற்கு முன்பும் பலமுறை வந்து சத்தம் போடாமல் பார்த்துவிட்டுப் போயிருக்கிறான் என்றார். போலீஸில் எழுதிக் கொடுத்தார்கள். அவர்கள் வந்து முட்டைகளைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

திரையில் பின்னால் தள்ளப்பட்ட அந்த வெள்ளைத் தாள் இன்னும் மூடாமல் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மச்சான் கேட்டார். கம்ப்யூட்டர்காரருக்குச் சொல்ல மனமில்லை. மச்சான் விடவில்லை.

"யாராவது இருக்கீங்களான்னு கேட்டிருக்கான் அண்ணே."

மச்சான் எழுந்துபோய்க் காலித் தட்டுகளைக் கழுவத் தொடங்கினார்.

முதலாளி எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்து அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினார். "பாரும்மா" என்று அக்காவிடம்தான் சொன்னார். "சினிமா பார்க்கற மாதிரி கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காரு. சிரிக்கறாரு வேற. நான் என்ன நினைக்கட்டும், நீயே சொல்லு."

"நீங்கதானே கையை எடுக்கச் சொன்னீங்க?" என்று நான் எகிறினேன்.

"நான் இருக்கும்போது எடுக்கச் சொன்னேன். நான் இல்லைன்னு தெரிய வேணாமா?"

"எப்படித் தெரியும்? அம்புல உங்க மூஞ்சி ஒட்டியிருக்கா?"

அக்கா என் கையைக் கிள்ளினாள். மச்சான் தலை நிமிரவே இல்லை. "சுவிட்சுல கை வச்சேங்க" என்றார் மெதுவாக. "வச்சேன். எடுத்துட்டேன்." தனக்காக அவர் பேசியது அவ்வளவுதான். முதலாளி கத்தவில்லை. மாதக் கடைசிக்குள் வீட்டைக் காலி செய்துகொடுக்கும்படி சாந்தமாகவே சொன்னார். நானும் அன்றே வேன் சாவியை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். வீரம் என்று நினைத்துவிடாதீர்கள், அது கோபம்தான். எனக்கு வேறு வண்டி கிடைத்துவிட்டது. அவருக்குக் கிடைக்கவில்லை.

இந்தத் தொழிலில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள். எந்த ஹேச்சரிக்குப் போனாலும், "ஓ, பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தாரே, அவரா?" என்றார்கள். ஒருத்தர் கொஞ்சம் நல்லவிதமாகப் பேசினார். இப்போதெல்லாம் மெஷினுக்குப் பக்கத்தில் ஆளே வைப்பதில்லை, எல்லாம் ஃபோனிலேயே பார்த்துக்கொள்கிறோம் என்றார். மச்சான் அந்த ஆள் கையிலிருந்த ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டுப் பின்னறையில் அவர்களுக்கு இடம் ஒதுக்கினோம். அக்கா ஒரு தையல் கடைக்கு பட்டன் கட்டப் போனாள். அவள் சிரிப்பதைக் கேட்டு நாளாகிறது. மச்சான் ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். வீட்டில் தொலைக்காட்சி ஓடினால்கூட எழுந்து வெளியே போய்விடுவார். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"ஏன்டா மாப்ளே, அவனுக்குத் தெரிஞ்சிருக்குமா, உள்ளே உசிரு இருக்குன்னு?"

"தெரிஞ்சா மட்டும் விட்டிருப்பானா? போக்கிரிப் பய."

"இல்லடா. திரையில முட்டைன்னு எங்கேயும் போடலையே. வெறும் நம்பர்தானே இருக்கு. ஏதோ ஃபேக்டரின்னு நினைச்சிருப்பான். இல்ல, விளையாட்டுன்னு." ஜன்னல் பக்கம் திரும்பினார். "கேட்டானே, யாராவது இருக்கீங்களான்னு. நான் மவுஸை லேசா ஒரு ஆட்டு ஆட்டியிருந்தாக்கூட ஆளு இருக்குன்னு தெரிஞ்சு ஓடியிருப்பான்."

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் ஓடியிருப்பான் என்றுதான் எனக்கும் தோன்றியது. அவருக்கு ஆறுதலாக ஒரு பொய்கூட என் வாயில் வரவில்லை.

சில மாதம் கழித்து கம்ப்யூட்டர்காரரைத் தெருவில் பார்த்தேன். ஹேச்சரியில் மறுபடி மெஷின் ஓடுகிறதாம். புது ஆள் வைக்கவில்லை. இரண்டு பெண்கள் காலையில் வந்து தட்டை மாற்றித் துடைத்துவிட்டுப் போகிறார்களாம், மற்றதெல்லாம் முதலாளி வீட்டிலிருந்தே.

"அந்த ரெண்டாவது பூட்டு போட்டாச்சா?" என்றேன்.

"போட்டேன். ஒரு வாரத்துல கழட்டச் சொல்லிட்டாரு. தொல்லையா இருக்காம். பாஸ்வேர்டுக்குப் பின்னாடி ஒண்ணுன்னு ஒரு நம்பர் சேர்த்திருக்காரு. நான் இனிமே அந்தப் பக்கம் வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

வயிற்றெரிச்சலில் இதை வீட்டில் வந்து சொல்லிவிட்டேன். மச்சான் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவிவிட்டுச் சட்டையை மாட்டினார்.

"எங்கே கிளம்பறீங்க?" என்றாள் அக்கா.

"அங்கே யாருமே இல்லையாமே."

"அதுக்கு? உங்களை அடிச்சு விரட்டாத குறையா அனுப்பினாங்களே, சூடு சொரணை இல்லையா உங்களுக்கு?"

அவர் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். தனியாக விட முடியாமல் நானும் போனேன். ஹேச்சரி கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருந்தார், மச்சானை நன்றாகத் தெரிந்தவர். பார்த்ததும் எழுந்து நின்றார், ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. உங்களை மட்டும் உள்ளே விடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு."

"விட வேணாம்ப்பா. நீ போய் மெஷின் கதவுல தெர்மாமீட்டர் இருக்கும், அதைப் பார்த்துட்டு வந்து நம்பரை மட்டும் சொல்லு."

"ரூம் பூட்டியிருக்குண்ணே. காலையில அந்தப் பொண்ணுங்க வந்துதான் திறப்பாங்க."

"உள்ளே முட்டை இருக்கா?"

"நேத்துதான் லோடு இறங்குச்சு."

மச்சான் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். உள்ளே மெஷின் ஓடுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. வாட்ச்மேன் என்னைப் பார்த்தார், நான் வாட்ச்மேனைப் பார்த்தேன். இருவரும் வேறெங்கேயோ பார்த்தோம். கடைசியில் நான்தான் அவர் தோளைப் பிடித்துத் திருப்பி அழைத்து வந்தேன். நேற்று வைத்த முட்டை எந்தக் கிழமை பொரிக்கும் என்று வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார்.